கூடாரத்தைப் பிரிப்பவர் யார்? மும்பை நீர்க்கரைகளில் விடுமுறையும் குடியிருப்பும்

காட்கோபர் இரண்டு நீர்நிலைகளுக்கு இடைப்பட்ட ஊர். கிழக்கே உப்பளங்களையும் அலையாத்திக் காடுகளையும் கடந்தால் தாணேக் கழிமுகம். வடமேற்கே குன்றுகளைக் கடந்தால் பவாய் ஏரி. கழிமுகத்தில் பூநாரைகள் வந்திறங்குகின்றன. 2015இல் அது பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரியில் பல பத்தாண்டுகளாகத் தூண்டில்காரர்கள் பொழுதுபோக்காக மீன்பிடித்து வருகின்றனர். இவ்விரு நீர்களுக்கும் நடுவே, குன்றுச் சரிவுகளிலும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையின் ஓரத்திலும் லட்சக்கணக்கானோர் குடிசைகளில் வாழ்கின்றனர். அக்குடிசைப் பகுதிகளுள் ஒன்றின் பெயர் காமராஜ் நகர். அங்கு முதலில் குடியேறியவர்களில் தமிழர் இருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

2021 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. படுக்கையும் சமையலிடமும் கழிப்பறையும் கொண்ட வண்டியில் பயணம் செய்து, ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ வண்டியை நிறுத்திச் சில நாள் தங்குவதை ஊக்குவிப்பது அதன் நோக்கம். வண்டிகள் நிற்பதற்கான பூங்காக்களில் நீரும் மின்சாரமும் கழிவகற்றலும் இருக்க வேண்டும் என்று கொள்கை எதிர்பார்க்கிறது. காட்டையும் நீரையும் அடுத்த ஒரு துண்டு நிலம், அதில் நிலையற்ற ஓர் உறைவிடம், அதற்கு நீரும் மின்சாரமும்: இம்மூன்றையும்தான் இதே நகரத்தின் குடிசைவாசிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு வந்துள்ளனர். ஒருவர் கேட்கும்போது அது சுற்றுலா எனவும் மற்றொருவர் கேட்கும்போது ஆக்கிரமிப்பு எனவும் பெயர் பெறுவது எப்படி நிகழ்ந்தது? மும்பையின் வரலாற்றில் இதற்கு நீண்ட முன்கதை உண்டு.

*

அக்கதை நகரின் தெற்கு முனையில், கோட்டைக்கு வெளியே தொடங்குகிறது. இன்று ஆசாத் மைதானம், கிராஸ் மைதானம், ஓவல், கூப்பரேஜ் எனத் துண்டுகளாகக் கிடக்கும் நிலம் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எஸ்பிளனேடு என்னும் ஒரே வெளியாக இருந்தது. கோட்டைப் பீரங்கிகளின் முன்னே பகைவர் மறைந்து நிற்க இடமிருக்கக் கூடாது என்பதற்காக அது வெறுமையாக வைக்கப்பட்டது. 1803இல் கோட்டைக்குள் நிகழ்ந்த பெருந்தீக்குப் பின் அவ்வெளி மேலும் விரிவாக்கப்பட்டது. இராணுவ விதியின்படி அங்கே நிலையான கட்டடம் எழுப்ப இயலாது. ஆனால் மேற்கே கடலைப் பார்த்துத் திறந்திருந்த அந்நிலத்தின் காற்று, கோட்டைக்குள் நெருக்கமான தெருக்களில் புழுங்கிய ஐரோப்பியர்களுக்குப் பெரும் ஈர்ப்பாக இருந்தது.

ஆகவே ஒரு பருவகால வழக்கம் உருவாயிற்று. மழை ஓய்ந்ததும் எஸ்பிளனேட்டில் கூடாரங்களும் தற்காலிகப் பங்களாக்களும் முளைக்கும். மரச்சட்டங்களும் மூங்கிலும் நட்டு, கித்தானும் பாயும் கட்டி, உள்ளே சுண்ணாம்பு பூசி, மேலே கிடுகு வேய்ந்து எழுப்பப்பட்ட இவ்வீடுகளில் அதிகாரிகளும் வணிகர்களும் குடும்பத்துடன் குளிர்காலத்தையும் கோடையையும் கழித்தனர். தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வேளையில் எல்லாம் பிரிக்கப்படும். குடியிருந்தோர் பைகுல்லா, கிர்காவ் பக்கத்து வீடுகளுக்கு மாறுவர். 1839இல் லண்டனில் வெளிவந்த மேற்கிந்தியா பற்றிய தம் நூலில் மேரியன் போஸ்டன்ஸ் இத்தற்காலிக இல்லங்களை விவரித்துள்ளார். கொடிகள் படர்ந்த தட்டிகளும் பூந்தொட்டிகளும் கொண்ட இன்பமான உறைவிடங்கள் என்னும் சித்திரமே அக்காலப் பயணிகளின் எழுத்துகளில் மேலோங்கி நிற்கிறது.

கடற்காற்றோடு கடல்விளையாட்டும் சேர்ந்துகொண்டது. 1846இல் தொடங்கப்பட்ட பம்பாய் பாய்மரப்படகுக் கழகம் 1876இல் அரச பட்டம் பெற்றது. துறைமுகத்தில் வாடகைக்குக் கிடைத்த படகுகளில் எலிபண்டா தீவுக்கு உல்லாசப் பயணம் போவது நகரத்தார் வழக்கமாயிற்று. படகை நீரிலிறக்கியோரும் பாய் கட்டியோரும் பெரும்பாலும் உள்ளூர் மாலுமிகள்; கூடாரத்திற்கு முளையடித்தோர் கலாசிகள். இவர்களின் சொந்த உறைவிடங்களும் மூங்கிலும் கிடுகுமே. அவற்றைக் குறித்துப் பயணநூல்கள் சொல்வது குறைவு.

1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியரின் ஆட்சியில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. வெளியின் பெரும்பகுதியில் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அஞ்சலகமும் எழுந்தன. எஸ்பிளனேட்டின் கூடாரப் பருவம் மெல்ல மங்கியது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அரசு நிலத்தில், நிரந்தர உரிமை ஏதுமின்றி, கித்தானும் கிடுகும் கொண்டு வீடு கட்டி வாழ்வதைக் குற்றமாக அன்று எவரும் கருதவில்லை. விதி ஒன்றை மட்டுமே கேட்டது: மழைக்கு முன் பிரித்துவிட வேண்டும். பிரித்தவர்களுக்குப் போவதற்கு வேறு வீடு இருந்தது.

*

வண்டியையே வீடாக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர் குடும்பத்துடன் வண்டிகளில் பயணித்தனர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியில் கோழிக்கூடும் இருக்கிறது. பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் எருது ஓட்டுகிறாள். கூட்டமாகச் செல்லும் வணிகருக்குச் 'சாத்து' என்று பெயர். பாரசீக மொழியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற 'கேரவன்' என்னும் சொல்லும் முதலில் இதையே குறித்தது. பிழைப்புக்கான பயணமே சாத்து. ஓய்வு அதில் இடையிடையே வந்துபோவது.

அச்சொல் விடுமுறையைக் குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில். கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் பிரிஸ்டல் வண்டிப் பட்டறையில் குதிரை இழுக்கும் சொகுசு வீட்டுவண்டி ஒன்றைச் செய்வித்தார். அதற்கு 'வாண்டரர்' எனப் பெயரிட்டு, 'நிலத்தில் ஓடும் பாய்மரப்படகு' என்றே அதை வர்ணித்தார். அவருக்கு முன்மாதிரியாக இருந்தவை ரோமா நாடோடிகளின் வண்டிகள். 1907இல் கேரவன் கழகம் அமைந்தது. ஓய்வுள்ளோர் நாடோடிகளின் வண்டியை ஏற்றுக்கொண்டனர். நாடோடிகளையோ ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை.

1960இல் பிரிட்டன் இயற்றிய கேரவன் தளங்கள் சட்டம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வண்டிகள் தங்கும் தளத்திற்கு உரிமம் வேண்டும் என்றது அச்சட்டம். விடுமுறைப் பூங்காக்கள் உரிமம் பெற்று வளர்ந்தன. பொதுநிலங்களில் காலங்காலமாக நின்றுசென்ற ரோமா குடும்பங்களுக்கு நிற்குமிடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1968இல் மற்றொரு சட்டம் அவர்களுக்குத் தளம் அமைத்துத் தரும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 1994இல் அக்கடமையும் நீக்கப்பட்டது. வண்டி ஒன்றே, உரிமம் மட்டுமே அதைச் சுற்றுலாவாகவும் தொல்லையாகவும் பிரித்தது. இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் அலைந்து வாழ்வோரின் நடமாட்டத்தையே ஐயத்துக்குரியதாக்கிய வரலாற்றுடன் இதை இணைத்துப் படிக்கலாம். 1911இல் அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

*

பிரிட்டனில் வண்டிக்கு நேர்ந்ததுதான் இந்திய நீர்நிலைகளில் மீனுக்கு நேர்ந்தது. பிழைப்புக்கான மீன்பிடிப்பிலிருந்து பொழுதுபோக்குத் தூண்டில் பிரித்தெடுக்கப்பட்டு, மேலான செயலாக நிறுவப்பட்டது. சென்னைக் குடிமைப்பணியைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. ஏரிகளில் தூண்டிலிடுவது பற்றியும் அவர் 1887இல் தனிநூல் எழுதினார். மீன்வளத்தைக் காப்பதில் அவருக்கு இருந்த அக்கறை மெய்யானது. ஆயினும் அக்காலத் தூண்டில்காரர்களின் எழுத்துகளில் மீன் குறைவதற்கான பழி பெரும்பாலும் ஊர்மக்களின் சிறுகண் வலையின் மீதும், மூங்கில் பொறியின் மீதும், நஞ்சிட்டுப் பிடிக்கும் முறையின் மீதுமே விழுந்தது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும், வெடியையும் நஞ்சையும் தடுத்த 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமும் இச்சூழலில் பிறந்தவை. நஞ்சிடுவதைத் தடுத்தது நியாயமே. ஆனால் நீலகிரிச் சட்டம் பாதுகாப்புடன் உரிமச்சீட்டையும் கொண்டுவந்தது. சீட்டு வாங்க இயன்றவர் விளையாட்டு வீரர், இயலாதவர் திருடர்.

பவாய் ஏரியின் கதையும் இப்பின்னணியில் புரியும். குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு விடையாக பம்பாய் 1860இல் விஹார் ஏரியையும் 1879இல் துளசி ஏரியையும் பெற்றிருந்தது. அவை போதாதபோது, 1890-91இல் மித்தி ஆற்றின் சிறு கிளை ஒன்றின் குறுக்கே அவசரமாக இரண்டு அணைகளை எழுப்பி பவாய் ஏரி உருவாக்கப்பட்டது. நீர்ப்பரப்பு தொடக்கத்தில் சுமார் 2.1 சதுர கிலோமீட்டர். நீரின் தரமோ எதிர்பார்த்தபடி அமையவில்லை. குடிநீருக்குத் தகாததென ஒதுக்கப்பட்ட நீர் ஆரே பால் குடியிருப்பு முதலியவற்றின் பிற தேவைகளுக்குச் சென்றது. தாகம் தீர்க்க வெட்டிய ஏரி ஓய்வுக்கான ஏரியாயிற்று. 1955இல் நிறுவப்பட்ட, இன்று மகாராஷ்டிர மாநிலத் தூண்டில் கழகம் என அறியப்படும் அமைப்பு அக்கரையைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் இங்கு தூண்டில்காரர்களின் இலக்கு. விடியற்காலையில் படகில் அமர்ந்து, தக்கை அசைவதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையே இவ்விளையாட்டின் உயிர். அதே நீரில் இரவில் வலை வீசுவோர் கள்ளத்தனமாக மீன்பிடிப்போர் எனக் கருதப்படுகின்றனர்.

தூண்டில் கழகங்களைக் குறை சொல்லி இவ்வரலாற்றை முடித்துவிட இயலாது. ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் சூழ்ந்த ஓர் ஏரிக்காகக் குரல் கொடுக்க, அதை நாள்தோறும் பார்க்கும் ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. காவிரியில் பீமேஸ்வரியை அடுத்துக் கர்நாடக அரசு நிறுவனம் நடத்திய மீன்பிடி முகாமும் இதற்குச் சான்று. அங்கே கூடாரங்களில் தங்கிய தூண்டில்காரர்கள் பரிசலில் சென்று மாசீர் மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றில் விட்டனர். ஊர் மீனவர்கள் வழிகாட்டிகளாக ஊதியம் பெற்றனர். வெடிவைத்து மீன்பிடிப்போரைத் தடுக்கும் கண்களும் அவர்களுடையவையே. சரணாலய விதிகளின் பெயரால் அங்கே தூண்டில் நிறுத்தப்பட்டபோது அவ்வருவாயும் காவலும் சேர்ந்தே போயின. காவிரியின் திமில் மாசீர் 2018இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓய்வும் பிழைப்பும் ஒரே படகில் அமர முடியும் என்பதை அம்முகாம் சில ஆண்டுகளேனும் காட்டியது. படகின் துடுப்பு எவர் கையில் இருந்ததென்பதும், முகாமை மூடுவதென்ற முடிவில் அவருக்குப் பங்கிருந்ததா என்பதும் தனியே கேட்க வேண்டிய கேள்விகள்.

*

பவாய், விஹார் ஏரிகளிலிருந்து வழியும் நீரே மித்தி ஆறு. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, சாக்கி நாக்கா, குர்லா வழியாகத் தாராவியின் ஓரத்தைத் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் அது கடலில் சேர்கிறது. தலைப்பகுதியில் தூண்டில், கடைப்பகுதியில் தாராவி. 1909ஆம் ஆண்டின் பம்பாய் விவரச்சுவடி நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. கோலி மீனவர் வலை காய்த்த அச்சதுப்பில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் பதனிடுவோர் உள்ளிட்ட தமிழர் குடியேறினர். சேற்றை மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அவர்களே தம் நிலத்தை உருவாக்கினர். எஸ்பிளனேட்டில் பயன்பட்ட அதே பொருள்களைக் கொண்டுதான் அவர்களும் வீடு கட்டினர்: மூங்கில், பாய், கித்தான், பிற்காலத்தில் தார்ப்பாய்.

இரண்டு கூடாரங்களின் வரலாறும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 1981. அவ்வாண்டு ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே நடைபாதைவாசிகளை அகற்றிச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் சேலத்திலிருந்து 1961இல் வந்த ஒரு தமிழ்த் தொழிலாளியும் இருந்தார். ஊரில் நிலமற்ற கூலி. வறட்சியால் வேலை போயிற்று. பம்பாயில் ஒரு ரசாயன நிறுவனத்தில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி கிடைத்தது. மேற்கு விரைவு நெடுஞ்சாலையோர நடைபாதையில் நெகிழித் தாளும் கித்தானும் கொண்ட ஒரு மறைப்புக்காக அவரிடம் 2,500 ரூபாய் பறிக்கப்பட்டிருந்தது. ஜூலை 23 அன்று அது இடிக்கப்பட்டது. குடும்பம் சேலம் பேருந்தில் ஏற்றப்பட்டது. மனைவியும் மகள்களும் அங்கே தங்கிவிட, அவர் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே திரும்பி நடைபாதைக்கு வந்து சேர்ந்தார். இவ்விவரங்கள் யாவும் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. அதே வழக்குத்தொகுதியில் வில்லே பார்லே அருகே நெடுஞ்சாலையோரம் 1960-61 முதல் இருந்ததாகச் சொல்லப்பட்ட மற்றொரு காமராஜ் நகரின் மக்களும் வாதிகளாக இருந்தனர்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில் 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது கூறியது. சட்டக்கல்லூரிகளில் இன்றும் முதலில் கற்பிக்கப்படும் வரி அதுவே. ஆனால் நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், முறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. கூடவே ஒரு சலுகையும் தந்தது: மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது.

எஸ்பிளனேட்டின் விதியை இங்கு நினைவுகூரலாம். அங்கே மழைக்கு முன் பிரிக்க வேண்டும். குடியிருந்தோர் பாதுகாப்பான வீட்டுக்குப் போவர். 1981இல் மழையின் நடுவே பிரிக்கப்பட்டது. 1985இல் மழைக்குப் பின் பிரிக்கலாம் என்றாயிற்று. மூன்று காலங்களிலும் பருவமழையே நாட்காட்டி. மாறியது ஒன்றுதான்: முன்னவர் தம் கூடாரத்தைத் தாமே பிரித்தனர் அல்லது தம் பணியாளரைக் கொண்டு பிரிப்பித்தனர். பின்னவருடையதைப் பிறர் வந்து பிரித்தனர்.

தீர்ப்பின் ஒரு சொல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1976இல் அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு, மால்வணி போன்ற இடங்களில் மாற்று 'பிட்ச்' வழங்க வேண்டும் என்றது நீதிமன்றம். கூடாரமடிக்கும் சிறுநிலத் துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. விடுமுறைக் கேரவன் பூங்காவில் வண்டி நிறுத்த ஒதுக்கும் இடத்துக்கும் அதே சொல்தான். ஏரிக்கரையில் உரிமச்சீட்டு, குடிசைக்குப் புகைப்பட அடையாள அட்டை, கேரவனுக்குப் பதிவுச் சான்று. தற்காலிக உறைவிடத்தை அரசு ஏற்கும் வழிகள் இவை. இவற்றுள் சான்றைக் கையில் வைத்துக்கொண்டும் ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழ வேண்டிய நிலை குடிசைவாசிக்கு மட்டுமே வாய்த்தது.

*

அந்த அச்சத்துக்குச் சட்டம் மட்டும் காரணமன்று. 2000 ஜூலையில் காட்கோபரின் குன்றுச்சரிவுக் குடியிருப்பு ஒன்றில் மழையால் மண் சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மித்தி தன் கரைகளை மீறிக் குர்லாவையும் தாராவியோரத்தையும் மூழ்கடித்தது. மித்தியை அகலப்படுத்தக் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. வெள்ளத்துக்குக் குடிசைகளே காரணம் என்ற பேச்சு எளிதில் பரவியது. ஆற்றின் வாயை நெருக்கிய நிலமீட்பும், அதன் படுகையை ஒட்டி எழுந்த பெருங்கட்டுமானங்களும் அப்பேச்சில் பின்னுக்குப் போயின.

ஏரியின் தலைப்பகுதியிலும் சட்டம் ஒருமுறை பேசியது. பவாய் ஏரியைச் சுற்றி மாநகராட்சி அமைக்கத் தொடங்கிய மிதிவண்டிப் பாதை சட்டவிரோதமானது என 2022 மே மாதத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டியதை அகற்றச் சொன்னது. ஓய்வுக்கான கட்டுமானமும் ஆக்கிரமிப்பாக முடியும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. அப்படி அகற்றப்பட்டபோது எவரும் தம் வீட்டை இழக்கவில்லை.

கேரவன் கொள்கையைப் பழிப்பதற்கான காரணம் இவ்வரலாற்றில் இல்லை. நீரருகே சில நாள் தங்கி, மீன்பிடித்து, படகோட்டி, மனம் ஆறித் திரும்புவது எல்லோருக்கும் உரிய இன்பம். தமிழ் மீனவரின் கட்டுமரமே உலகெங்கும் உல்லாசப் படகுகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. ஆனால் நிலையற்ற உறைவிடத்துக்கு நீரும் மின்சாரமும் கழிவகற்றலும் தேவை என்று அரசு ஒரு கொள்கையில் ஏற்றுக்கொண்டபின், அத்தேவை விடுமுறைக்கு வருவோருக்கு மட்டுமே உண்டு என்று சொல்வதற்கு அறிவுசார்ந்த அடிப்படை கிடையாது. ஆய்வு மாணவர்கள் சுற்றுலாத்துறைக் கோப்புகளையும் குடிசைமாற்றுக் கோப்புகளையும் தனித்தனித் துறைகளாகப் படிப்பதை விட்டு, ஒரே நீர்க்கரையின் ஆவணங்களாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தக் கூடாரம் எந்த மாதத்தில் எழுந்தது, எந்த மாதத்தில் பிரிக்கப்பட்டது, பிரித்த கை யாருடையது, பிரித்த அன்றிரவு அதில் இருந்தவர் எங்கே உறங்கினார் என்னும் நான்கு கேள்விகளை ஒவ்வோர் ஆவணத்திடமும் கேட்டால், மும்பையின் நில வரலாறு இப்போது எழுதப்பட்டிருப்பதைவிடத் தெளிவாகும்.

காட்கோபரின் காமராஜ் நகர் இன்று மறுசீரமைப்புக்காகக் காலிசெய்யப்படும் பகுதிகளுள் ஒன்று. அம்மக்களுக்கு நான்காவது கேள்வியே முதல் கேள்வி.